வீட்டிலேயே ஒரு வால்வு கிதார் ஆம்ப்: கிட் வாங்கிக் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் தயாரித்த சேம்ப் என்ற சிறிய கிதார் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டுக்கு 5எஃப்1 என்று பெயர். மூன்றே வால்வுகள் (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்கள்), ஒரே ஒரு குமிழ், ஏறக்குறைய 5 வாட் ஒலித்திறன். முதல்முறையாகக் கட்டுபவர்களுக்கென்று விற்கப்படும் கிட்களில் (கட்டத் தேவையான பாகங்களின் தொகுப்புகளில்) பல இந்தச் சர்க்யூட்டையே அடிப்படையாகக் கொண்டவை. நான் கட்டியதும் அதுவே என்பதால் கீழுள்ள விடைகள் எல்லாம் அதை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன.

வால்வு, டியூப்: இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றேதான். அமெரிக்கர்கள் டியூப் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் வால்வு என்றார்கள். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் வாயிலும் வால்வு என்ற சொல்லே தங்கிவிட்டது. இங்கும் அதையே பயன்படுத்துகிறேன். பெயரிடும் முறையும் இரண்டு வகைப்படும். அமெரிக்கப் பட்டியலில் 12ஏஎக்ஸ்7 என்றிருப்பதும் ஐரோப்பியப் பட்டியலில் இசிசி83 என்றிருப்பதும் ஒரே வால்வு.

முதல் ஆம்பே 50 வாட்டாக இருந்தால் என்ன?

இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். பெரிய ஆம்பில் இணைப்புகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது. பிழை எங்கே என்று தேடும்போது அனுபவமில்லாதவருக்கு அது காட்டில் ஊசி தேடுவதாக முடியும். அடுத்தது, வாட் எண்ணிக்கை காதை ஏமாற்றும். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் திறன் பத்து மடங்காகிறது. ஆனால் கேட்பவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகவே படும். 5 வாட் ஆம்பின் வால்யூம் குமிழை முழுதாகத் திறந்து வாசித்தால் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். அதற்கு மேல் சத்தம் வீட்டில் யாருக்குத் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்குவதைவிடக் கட்டுவது மலிவா?

மலிவில்லை. தொழிற்சாலையில் அச்சிட்ட போர்டில் தயாராகும் சிறிய வால்வு ஆம்ப், பெரும்பாலும் கிட்டைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும். கிட்டில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு இருப்பதால் அனுப்பும் செலவும் கூடுகிறது, சுங்க வரியும் அதன் மேல் ஏறுகிறது. அமெரிக்காவின் மோஜோடோன், ஜெர்மனியின் டியூப் ஆம்ப் டாக்டர் போன்றோர் கிட் விற்கிறார்கள். மலேசியாவின் செரியாடோன் நிறுவனம் நமக்கு அருகில் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பணத்தை மிச்சப்படுத்த நினைத்து இதில் இறங்க வேண்டாம். பழுதானால் நாமே திறந்து சரிசெய்யக்கூடிய, ஒவ்வொரு கம்பியும் எதற்கு என்று நமக்குத் தெரிந்த ஒரு கருவி வேண்டும் என்ற ஆசை இருந்தால் இறங்குங்கள்.

கிட்டில் என்னென்ன வரும்? வேறு என்ன வேண்டும்?

துளைகள் இட்ட சேசிஸ் (எல்லாவற்றையும் தாங்கும் உலோகச் சட்டம்), பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஃபைபர் போர்டு, ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், வால்வு சாக்கெட்டுகள், ஜாக்குகள், கம்பி ஆகியவை வரும். வால்வுகள், ஸ்பீக்கர், மரப்பெட்டி மூன்றும் சில கிட்களில் இருக்கும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கருவிகளில் 40 முதல் 60 வாட் வரையிலான சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் கொண்ட 60/40 ஈயக்கம்பி, கட்டர், மூக்குக் குறடு, நல்ல மல்டிமீட்டர் ஆகியவை போதும். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது 600 வோல்ட் வரை பாதுகாப்பாக அளக்கக்கூடியதும் புரோப் கம்பியின் உறை தடிமனாக இருப்பதுமான ஒன்றை வாங்குங்கள். ஈயம், ரெசிஸ்டர், சிறு கம்பி போன்றவற்றுக்குச் சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் உள்ளூரில் சுற்றித் தரச் சொல்லாமல், கிட்டுடன் வருவதையே பயன்படுத்துங்கள். ஒரே ஒரு பவர் வால்வு உள்ள ஆம்பில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நேர்மின்சாரம் இடைவிடாமல் ஓடுகிறது. அதைத் தாங்க அதன் இரும்புத் தகடுகளுக்கிடையே குறிப்பிட்ட அளவு காற்று இடைவெளி விட வேண்டியிருக்கிறது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவர் அதைக் கவனிக்காமல் விட்டால் தாழ்ந்த ஸ்வரங்கள் மெலிந்துவிடும்.

எனக்கு மின்னணுவியல் தெரியாது. இந்தச் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது என்று எளிமையாகச் சொல்ல முடியுமா?

சிக்னல் போகும் பாதையை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். கிதாரின் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) வரும் மிகச் சிறிய மின்னழுத்தம் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதிக்குச் செல்கிறது. இந்த ஒரு கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனிப் பெருக்கிகள் உள்ளன. முதல் பாதி சிக்னலைப் பெரிதாக்கி 1 மெகா ஓம் வால்யூம் குமிழுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து இரண்டாம் பாதி மீண்டும் பெரிதாக்குகிறது. பிறகு அது 6வி6 என்ற பவர் வால்வின் கிரிட்டை, அதாவது சிக்னல் நுழையும் முனையை, அடைகிறது. 6வி6 தன் வழியாக ஓடும் மின்னோட்டத்தை அந்தச் சிக்னலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் விட, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த உயர் அழுத்த, குறை மின்னோட்டத்தை ஸ்பீக்கருக்கு ஏற்ற குறை அழுத்த, கூடிய மின்னோட்டமாக மாற்றுகிறது.

மூன்றாவது வால்வான 5ஒய்3 சிக்னலைத் தொடுவதே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது மட்டும் அதன் வேலை.

வால்வுகளுக்கிடையே நிற்கும் 0.02 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்களைக் கவனியுங்கள். முந்தைய வால்வின் பிளேட்டில், அதாவது சிக்னல் வெளிவரும் முனையில், 150 வோல்ட்டுக்கும் அதிகமான நேரழுத்தம் இருக்கிறது. அடுத்த கட்டத்தின் நுழைவாயிலில் அது சிறிதும் இருக்கக் கூடாது. நேரழுத்தத்தைத் தடுத்து, இசையை மட்டும் கடத்தும் வாயிற்காவலர்கள் அவை. கெபாசிட்டர் கசிந்தால் 6வி6 கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிச் சாகும்.

அமெரிக்கக் கிட்டை நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகலாமா?

பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்காமல் செருகவே கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120 வோல்ட்டுக்கு மட்டும் சுற்றப்பட்ட பிரைமரியை (டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்சாரம் நுழையும் சுற்றை) அதில் செருகினால் நல்லகாலம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே புகையும். ஆர்டர் கொடுக்கும்போதே 230 அல்லது 240 வோல்ட் பிரைமரி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பல முனைகள் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் பயன்படுத்தாத கம்பிகளின் நுனியைத் தனித்தனியே உறையிட்டு மூட வேண்டும். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும்.

ஃபியூஸ் மதிப்பும் மாறும். கையேட்டில் 120 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அதே திறனுக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி மின்னோட்டமே போதும் என்பதால் 1 ஆம்பியர், மெதுவாக உருகும் வகை போடுங்கள்.

உங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குமானால் வால்வு ஹீட்டர்களில் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழைகளில்) அளந்து பாருங்கள். 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5.7 முதல் 6.9 வரை ஏற்கத்தக்கது.

உயிருக்கு ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை. இந்தச் சிறிய ஆம்பின் உள்ளேயும் 350 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தச் சுற்றின் இரு முனைகளுக்கிடையே 650 வோல்ட் மாறுமின்சாரம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் (நேராக்கிய மின்சாரத்தின் அலையை மட்டுப்படுத்துபவை) அந்த உயர் நேரழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் புதியவர்களுக்குத் தெரியாத ஆபத்து. வால்வுகள் எல்லாம் பொருத்தப்பட்டுச் சூடாக இருக்கும்போது அணைத்தால், 6வி6 வால்வே சில நொடிகளில் அந்த மின்னூட்டத்தைக் குடித்துவிடும். ஆனால் வால்வைக் கழற்றிவிட்டோ, ஓரிடத்தில் இணைப்பு அறுந்த நிலையிலோ அணைத்திருந்தால் அது எங்கும் போகாமல் உள்ளேயே காத்திருக்கும்.

எனவே பழக்கம் இப்படி இருக்கட்டும். அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் உறையிட்ட கிளிப் பொருத்திய ஒரு கம்பியைத் தயாரித்து, முதலில் ஒரு கிளிப்பைச் சேசிஸிலும் பிறகு மற்றதை முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் நேர்முனையிலும் மாட்டி, சில நொடிகள் விடுங்கள். அதன் பிறகு மல்டிமீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டுமே உள்ளே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது சில பட்டறைகளில் நடக்கும். அது கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

முதல் கெபாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால், அணைத்த ஒரு நிமிடத்துக்குள் அது தானாகவே வடிந்துவிடும். கிட்டில் இது இல்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகும் அளக்கும் பழக்கத்தை விடாதீர்கள், அந்த ரெசிஸ்டரும் ஒருநாள் அறுந்துபோகலாம்.

மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், மீட்டரின் கறுப்புப் புரோப்பைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் பிடியுங்கள். இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கட்டும். செருப்பு அணிந்திருங்கள், வீட்டில் வேறொருவர் விழித்திருக்கட்டும்.

எர்த் இல்லாவிட்டாலும் ஆம்ப் வேலை செய்யுமே?

செய்யும், அதனால்தான் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகவும் ஜாக்கின் வெளிப்புறம் வழியாகவும் நேராகச் சேசிஸுடன் இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் ஒரு ஃபேஸ் கம்பி கழன்று சேசிஸைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போய்விடும், இல்லாவிட்டால் 230 வோல்ட் உங்கள் விரல்களில் நிற்கும். 1950களின் அமெரிக்க ஆம்ப்களில் இரண்டு கம்பி மின்வடம்தான் இருந்தது. பழமையை மதிக்கிறேன் என்று அதைப் பின்பற்ற வேண்டாம்.

பச்சைக் கம்பிக்கெனத் தனியாக ஒரு போல்ட்டை ஒதுக்கி, பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பல்வாஷர் வைத்து இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டிலேயே மாட்டுவது தவறு, ஏனென்றால் அது அதிர்ந்து தளரும். ஃபேஸ் கம்பி முதலில் ஃபியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும், அதன் பிறகே டிரான்ஸ்ஃபார்மருக்கும் போக வேண்டும். சுவரில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. பல பழைய வீடுகளில் அந்தப் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை. மீட்டரால் அளந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டும் காட்ட வேண்டும். ஐயமிருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

எந்த வரிசையில் கட்டுவது?

போர்டை முதலில் மேசையிலேயே முடியுங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் பொருத்தும் முன் மீட்டரால் அளப்பது நேரத்தை வீணாக்குவதல்ல. 22 கிலோ ஓம் என்பது சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. 220 கிலோ ஓம் என்பது சிவப்பு, சிவப்பு, மஞ்சள். இரவு பத்து மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில், அதுவும் நீலநிற உடல் கொண்ட ரெசிஸ்டரில், இந்த இரண்டு நிறங்களும் ஒன்றுபோலவே தெரியும். இந்தச் சர்க்யூட்டில் அந்த இரண்டு மதிப்புகளுமே இருக்கின்றன. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. மாற்றி வைத்தால் வெடிக்கும்.

அடுத்து சேசிஸில் சாக்கெட்டுகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் பொருத்தி, ஹீட்டர் கம்பிகளை எல்லாவற்றுக்கும் முன்னால் இழுங்கள். அவற்றை நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். மற்றக் கம்பிகள் வந்துவிட்டால் பிறகு அந்த மூலைக்குக் கை எட்டாது. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் 4, 5 ஆகிய இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு கம்பி, 9ஆம் காலுக்கு மற்றொன்று. 6வி6 சாக்கெட்டில் 2ஆம் காலும் 7ஆம் காலும். 5ஒய்3 வால்வுக்கு 5 வோல்ட் தனிச்சுற்று உண்டு. அது 2, 8 ஆகிய கால்களுக்குப் போகும், உயர் நேரழுத்தமும் அந்த 8ஆம் காலிலிருந்தே வெளிவரும். அந்த 5 வோல்ட் கம்பிகளைச் சாதாரண ஹீட்டர் கம்பிகளாக நினைத்துத் தொட்டுவிடாதீர்கள், அவற்றின் மேல் முழு உயர் அழுத்தமும் சவாரி செய்கிறது.

சாக்கெட்டின் கால்களை அடிப்பக்கத்திலிருந்து பார்த்து, கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணி அடியில் பற்றவைத்தவர்கள் எத்தனையோ பேர்.

டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளும் போர்டிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் கம்பிகளும் அதற்குப் பிறகு. ஒவ்வொரு இணைப்பும் முடிந்ததும் சர்க்யூட் படத்தின் நகலில் அந்தக் கோட்டின் மேல் வண்ணப் பென்சிலால் தீட்டுங்கள். எல்லாக் கோடுகளும் நிறம் மாறிய பிறகு, படத்தின் இன்னொரு புதிய நகலை எடுத்து, மறுநாள் காலையில் முதலிலிருந்து அதே சோதனையைச் செய்யுங்கள்.

பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

60/40 ஈயத்தில் நல்ல பற்று பளபளவென்று, உலோகத்தின் மேல் வழிந்து படிந்ததுபோல் இருக்கும். மங்கலாக, உருண்டையாக நின்றால் உலோகம் போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள். ஈயத்தை அயர்னின் நுனியில் உருக்கிக் கொண்டுவந்து ஒட்டாமல், இணைப்பைச் சூடாக்கி அங்கே ஈயத்தைக் கொடுங்கள்.

என் ஆம்ப் மூன்று நாட்கள் நன்றாகப் பாடிவிட்டு, நான்காம் நாள் படபடவென்று பொரியத் தொடங்கியது. புது வால்வு வாங்கிப் போட்டுப் பார்த்தேன், குமிழை மாற்றினேன், ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில் காய்ந்த நீண்ட மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இணைப்பாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தபோது, 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலில் குச்சி பட்டதும் ஸ்பீக்கர் அலறியது. அந்தக் காலைக் கொக்கியாக வளைத்து மாட்டியிருந்தேனே ஒழிய, ஈயமே வைத்திருக்கவில்லை. வெறும் தொடுதலிலேயே மூன்று நாட்கள் ஓடியிருக்கிறது. படத்தில் அந்தக் கோட்டின் மேல் வண்ணம் தீட்டியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து பற்றவைத்த பிறகு மட்டுமே பென்சிலைத் தொடுகிறேன்.

முதன்முறை சுவிட்ச் போடும்போது என்ன செய்ய வேண்டும்?

ரேடியோ மெக்கானிக் கடைகளில் இருக்கும் சீரிஸ் லேம்ப் ஒன்றை முதலில் தயாரியுங்கள். ஃபேஸ் கம்பியின் வழியில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று, அதற்குப் பிறகு உங்கள் ஆம்ப். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் முழு மின்னழுத்தத்தையும் பல்பு தானே வாங்கிக்கொண்டு பிரகாசமாக எரியும், ஆம்ப் பிழைத்துக்கொள்ளும்.

வால்வுகள் எதுவும் இல்லாமல் முதலில் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி, அணைந்ததுபோல் மங்க வேண்டும். சாக்கெட்டுகளில் ஹீட்டர் அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வால்வுகளின் சுமை இல்லாததால் சற்றுக் கூடுதலாகவே காட்டும். 5ஒய்3 சாக்கெட்டின் 4ஆம் காலிலிருந்தும் 6ஆம் காலிலிருந்தும் தனித்தனியே சேசிஸுக்கு 325 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் இருக்கும். இரண்டு கால்களுக்கும் இடையே நேரடியாக அளக்க வேண்டாம், 600 வோல்ட் மீட்டர் அதைத் தாங்காது.

அடுத்து அணைத்துவிட்டு, ஸ்பீக்கரை இணைத்து, மூன்று வால்வுகளையும் சேர்த்தே செருகுங்கள். 5ஒய்3 வால்வை மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் சுமையே இல்லாதபோது கெபாசிட்டர்கள் மாறுமின்சாரத்தின் உச்சம் வரை, அதாவது 325ஐ 1.41ஆல் பெருக்கினால் வரும் 460 வோல்ட் வரை ஏறும். கிட்டில் வந்தவை 450 வோல்ட் கெபாசிட்டர்களாக இருந்தால் அது எல்லை மீறல்.

வால்வுகளோடு போடும்போது பல்பு சற்றுப் பிரகாசமாகத் தொடங்கி, ஹீட்டர்கள் சூடானதும் மங்கி, இளஞ்சிவப்பாக நிற்கும். ஐந்து நிமிடங்கள் புகை, வாடை, இரைச்சல் எதுவும் இல்லையென்றால் சீரிஸ் லேம்பை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கலாம். 6வி6 வால்வின் உள்தகடு செந்நிறமாகக் கனன்றால் உடனே அணையுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீல ஒளி தெரிந்தால் அது இயல்பே, பயப்பட வேண்டாம்.

அளந்த எண்கள் சரியா என்று எப்படித் தெரியும்?

கிட் கையேட்டில் அட்டவணை இருக்கும். இருந்தாலும் ஓம் விதியால் நீங்களே கணக்கிட்டுப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு வேறு. என் மேசையில் உள்ள ஆம்பின் எண்களையே எடுத்துக்கொள்வோம். முதல் ஃபில்டர் கெபாசிட்டரில் 345 வோல்ட், 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பின் இரண்டாவதில் 297, 22 கிலோ ஓமுக்குப் பின் மூன்றாவதில் 256.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 41 வோல்ட் விழுகிறது. அதை 22 கிலோ ஓமால் வகுத்தால் 1.86 மில்லி ஆம்பியர். அது 12ஏஎக்ஸ்7 வால்வின் இரு பாதிகளும் சேர்ந்து இழுப்பது, பாதிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு, சரியான அளவு. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே விழும் 48 வோல்ட்டை 10 கிலோ ஓமால் வகுத்தால் 4.8 மில்லி ஆம்பியர். அதில் மேற்சொன்ன 1.86 போக மிச்சம் ஏறக்குறைய 3. அது 6வி6 வால்வின் ஸ்கிரீன் (பிளேட்டுக்கு முன்னால் உள்ள இன்னொரு கிரிட்) இழுப்பது.

இப்போது 6வி6 வால்வின் 8ஆம் காலில், அதாவது கேத்தோடில் (எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) உள்ள 470 ஓம் ரெசிஸ்டரின் மேல், 19 வோல்ட். வகுத்தால் 40.4 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனின் 3 போக பிளேட்டுக்கு 37.4. பிளேட்டில் 334 வோல்ட், அதிலிருந்து கேத்தோடின் 19ஐக் கழித்தால் 315. இரண்டையும் பெருக்கினால் 11.8 வாட். பழைய 6வி6ஜிடி வால்வின் பட்டியலிட்ட எல்லை 12 வாட், பிற்காலக் கணக்கீட்டு முறையில் 14 வாட். ஆகவே இது எல்லைக்குள் அமைதியாக இருக்கிறது. 14ஐத் தாண்டினால் 470 ஓமுக்குப் பதில் 560 போட்டுக் குறைக்கலாம்.

இந்த ஆம்பில் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பது) அமைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இதுவே விடை. திருக வேண்டிய குமிழ் எதுவும் இல்லை, கேத்தோடு ரெசிஸ்டரே அதைப் பார்த்துக்கொள்கிறது. அளந்து பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

சுவிட்ச் போட்டதும் ஆம்ப் வீறிட்டுக் கத்துகிறது. எதைக் கெடுத்துவிட்டேன்?

பெரும்பாலும் எதையும் கெடுக்கவில்லை. ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இரண்டாம் பெருக்கியின் கேத்தோடுக்குத் திரும்பி வருகிறது. ஒலியின் ஒரு சிறு பங்கைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பி, பெருக்கத்தையும் சிதைவையும் சற்றுக் குறைப்பது அதன் நோக்கம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிகள் மாறிவிட்டால் அந்தப் பங்கு தலைகீழாக வராமல் நேராக வந்து சேர்ந்து, ஒன்றையொன்று வளர்த்து, அலறலாகிறது. அணைத்து, மின்னூட்டத்தை வடித்து, அந்த ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். அலறல் நின்றால் காரணம் இதுவே. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டு ரெசிஸ்டரை மீண்டும் இணைத்தால் தீர்ந்தது.

உர்ர்ர் என்ற இரைச்சல் நிற்கவில்லையே?

முதலில் கிதாரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் குற்றம் கிதாரின் சிங்கிள் காயில் பிக்கப்பினுடையது, ஆம்பினுடையதல்ல.

நிற்கவில்லையென்றால் அந்த இரைச்சலின் ஸ்வரத்தைக் கேளுங்கள். கிதார் வாசிப்பவருக்கு இதற்கென ஒரு வசதி உண்டு. தடித்த ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஏறக்குறைய அந்தச் சுருதியிலேயே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை நேராக்கியபோது மிஞ்சிய அலை. ஃபில்டர் கெபாசிட்டரிலோ, அவற்றின் கிரவுண்டு (சேசிஸோடு சேரும்) இணைப்பிலோ குறை. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழமாக ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் கம்பிகள் சரியாக முறுக்கப்படவில்லை, அல்லது சிக்னல் கம்பிக்கு அருகே ஓடுகின்றன, அல்லது ஹீட்டர் சுற்றுக்கு நடுமுனை கிரவுண்டு இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் நடுமுனை இல்லாவிட்டால் ஹீட்டரின் இரு கம்பிகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு இழுத்தால் அதே பயன் கிடைக்கும். அமெரிக்க நூல்களில் இந்த எண்கள் 60, 120 என்றிருக்கும், குழம்ப வேண்டாம்.

வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைந்தால் முதல் கட்டத்தில் தேடுங்கள். குறையாவிட்டால் குமிழுக்குப் பின்னால். ஒற்றைப் பவர் வால்வு ஆம்பில், ஜோடி வால்வு ஆம்புகளில் நடப்பதுபோல மின்வழங்கியின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நீங்குவதில்லை என்பதால், காதை ஸ்பீக்கரில் வைத்தால் மெல்லிய முணுமுணுப்பு எப்போதும் கேட்கும்.

ஸ்பீக்கர் இல்லாமல் சிறிது நேரம் போட்டால் தவறா?

தவறு. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் சிக்னலின்போது அளவுகடந்த அழுத்தம் எழும்பி, சுற்றுக்குள் பொறி பாய்ந்துவிடும். 4 ஓம் முனையில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைப்பதைப் பெரும்பாலான ஆம்புகள் பொறுத்துக்கொள்ளும். ஒன்றுமே இணைக்காமல் இருப்பதைப் பொறுக்காது.

வீட்டில் கிடக்கும் பழைய ரேடியோ வால்வுகள் உதவுமா?

ஆசையாகத்தான் இருக்கும். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்ததால் பரணில் இன்னும் சில கிடைக்கலாம். ஆனால் கால்களின் எண்ணும் ஹீட்டர் அழுத்தமும் பொருந்தினால் ஒழிய எதையும் செருகக் கூடாது. புதியவை ஸ்லோவாக்கியாவின் ஜேஜே தொழிற்சாலையிலிருந்தும், ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. வால்வைப் பென்சிலால் மெதுவாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியடித்தாற்போல் கேட்டால் அந்த 12ஏஎக்ஸ்7 வால்வை மாற்றுங்கள்.

வேலை செய்கிறது. இனி மாற்றங்கள் செய்து பார்க்கலாமா?

ஒரு மாதம் அப்படியே வாசியுங்கள். அதன் பிறகு எளிதாகத் திரும்பப் பெறக்கூடிய மாற்றத்திலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன 22 கிலோ ஓம் ரெசிஸ்டரின் வழியில் ஒரு சிறு சுவிட்ச் வைத்தால், அதைத் துண்டித்தபோது ஒலி கூடி, முரட்டுத்தனம் சீக்கிரமே தலைகாட்டும். கூடவே இரைச்சலும் சற்று ஏறும். இணைத்தபோது பழைய அடக்கம் திரும்பும். முதல் ஃபில்டர் கெபாசிட்டரைப் பெரிதாக்கும் யோசனை பலருக்கு வரும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அந்தக் கெபாசிட்டரை நிரப்பப் பாயும் மின்னோட்டம் முழுவதும் 5ஒய்3 வழியாகவே போகிறது. கையேட்டில் சொன்ன மதிப்புக்கு மேல் வைத்தால் முதலில் சாவது அந்த வால்வுதான்.